சிரட்டைக் கரியும் ஒரு கையொப்பமும்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு பற்றிக் கலைப்பீட மாணவராகிய நாம் விரிவுரை மண்டபங்களில் நிறையவே விவாதிக்கிறோம். ஒரு பொருளுக்கு இட்ட பெயர் பிழைத்தால் விளையும் தீங்கு யாது என்று எவரேனும் வினவினால், பரீட்சையிற் சில புள்ளிகள் குறையும் என்பதற்கு மேல் எம்மிற் பலர் விடை கூறமாட்டோம். ஆனால், பெயர் பிழைத்தாற் கப்பலே எரிந்துபோகும் துறையொன்றும் உலகில் உண்டு. தீப்பற்றத்தக்க பொருள்களைக் கடல்வழியே அனுப்புவதற்கான விதிகளைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறேன். விஞ்ஞான பீடத்தாரின் வயலிற் கால்வைக்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டியதில்லை. சிலாபத்துத் தென்னந்தோப்புகளிடையே வளர்ந்தவன் என்பதே எனக்குள்ள உரிமை.

இன்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு என வழங்கும் நிறுவனம் 1965ஆம் ஆண்டில் அபாயப் பொருட் கோவையொன்றை ஏற்றுக்கொண்டது. 2004 ஜனவரி 1ஆம் திகதி முதல் அது கட்டாய விதியாயிற்று. அபாயப் பொருள்கள் அதில் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தீப்பற்றும் திரவங்கள் மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்பு திண்மங்களுக்குரியது. அதன் இரண்டாம் பிரிவில், பிறர் தீ வைக்காமலே தாமாகச் சூடேறி எரியக்கூடிய பொருள்கள் அடங்கும். நமது கொப்பறா அங்கே 1363 என்னும் இலக்கத்தோடு இருக்கிறது. 1361 என்னும் இலக்கம் கரிக்குரியது. சிரட்டைக் கரியும் அதனுள் அடக்கம்.

ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏற்றுமதிக்குரிய முறையான பெயர் ஒன்று உண்டு. சரக்கை அனுப்புபவர் அப்பெயரை எழுதி, பொதி செய்த முறை சரியானதென உறுதிகூறிக் கையொப்பமிட வேண்டும். அதன்பின் கொள்கலன் முத்திரையிடப்பட்டுவிடும். லொறிச் சாரதியோ துறைமுகத் தொழிலாளியோ அதனைத் திறந்து பார்ப்பதில்லை. எந்தப் பெட்டியை வெப்பத்துக்கு விலக்கி வைப்பது, எதனை எதன் அருகில் வைக்கலாகாது என்பவற்றையெல்லாம் கப்பலில் உள்ளோர் அந்தத் தாளை நம்பியே தீர்மானிக்கின்றனர். முன்பின் அறியாத ஒருவரின் கையொப்பத்தின் மேற் படுத்துறங்குபவர்கள் என்று மாலுமிகளைச் சொல்லலாம்.

கரி தானாகவே எரியுமா என்று ஐயுறுவோர் உண்டு. அடுப்பிற் கரி மூட்டக் கண்ணீர் வடித்தவர்கள் அவ்வாறு ஐயுறுவது நியாயமே. ஆனால் கரி நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள். புதிதாகச் சுட்ட கரி காற்றிலுள்ள ஒட்சிசனை அத்துளைகளுள் இழுத்துக்கொள்கிறது. இழுக்கும்போது சிறிது வெப்பம் பிறக்கிறது. ஒரு சாக்குக் கரியாயின் அவ்வெப்பம் வெளியேறிவிடும். கொள்கலன் நிறைய அடுக்கிய கரியிலோ நடுவிற் பிறந்த வெப்பத்துக்குப் போக வழியில்லை. வெப்பம் ஏற ஏற ஒட்சிசனோடு சேரும் வேகமும் ஏறுகிறது. சில நாள்களில், சிலவேளை சில வாரங்களில், நடுக்கடலில் அது கனலாகிறது. ஆகவே இங்கு அளவும் அபாயத்தின் ஒரு பகுதி. வீட்டிற் கண்ட அனுபவம் கப்பலுக்குப் பொருந்தாது.

நீண்டகாலமாகக் கரிக்கு ஒரு விலக்கு இருந்தது. மாதிரிக் கரியைப் பக்கம் 100 மில்லிமீற்றர் கொண்ட கம்பிவலைக் கனசதுரத்தில் நிரப்பி, 140 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய அடுப்பில் 24 மணித்தியாலம் வைப்பார்கள். கரியின் வெப்பநிலை 200 பாகையைத் தாண்டாவிடின் அது தானாகச் சூடேறும் பொருளன்று எனச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் பெற்ற கரி அபாயப் பொருளாகக் கருதப்படாமற் சாதாரண சரக்காகவே போகலாம். சோதனையிற் குறையொன்றுமில்லை. ஆனால், ஒரு கையளவு கரி பல தொன் கரிக்காகப் பேசியது. நன்கு ஆறிய கரியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு நேற்றுச் சுட்டதைப் பெட்டியில் ஏற்றினால், அச்சான்றிதழ் உண்மையா பொய்யா? தருக்கவியல் படிக்கும் நண்பர்களுக்கு இதனை ஒரு பயிற்சியாகவே கொடுக்கலாம்.

கரி ஏற்றிய கப்பல்களில் தீவிபத்துகள் தொடர்ந்தமையால் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 2026 ஜனவரி 1ஆம் திகதி முதல் கட்டாயமென விதிக்கப்பட்ட திருத்தத்தின்படி, கரியை அபாயப் பொருளென்றே வெளிப்படுத்த வேண்டும். சுட்ட கரியைப் பொதி செய்யுமுன் 14 நாள் ஆறவிட வேண்டும். அன்றேல் அதற்கீடான முறையிற் பதப்படுத்த வேண்டும். பொதி செய்யும் நாளில் அதன் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டலாகாது. கொள்கலனின் கூரைக்குக் கீழே 30 சென்ரிமீற்றர் இடைவெளி விட வேண்டும். சுட்ட திகதி, பொதி செய்த திகதி, அன்றைய வெப்பநிலை ஆகிய மூன்றும் தாளில் இடம்பெற வேண்டும்.

இந்த மூன்றில் முதலாவது எங்கள் மாமாவின் கிடங்கிலே பிறக்கிறது. அம்மாவின் தம்பியாகிய அவர் முப்பது வருடமாகச் சிரட்டை சுடுகிறார். செங்கல் பதித்த கிடங்கில் தீ மூட்டிச் சிரட்டையைச் சிறிது சிறிதாகக் கொட்டுவார். கிடங்கு நிறைந்து புகையின் நிறம் மாறியதும் தகரத்தால் மூடி, விளிம்பெல்லாம் ஈரமண் பூசுவார். திறப்பதற்கு நாள் கணக்கு உண்டு. திறந்த பின்னரும் கரியைப் பரப்பி, இரவில் ஒரு தடவை எழுந்து சென்று பார்ப்பார். கறுத்துக் கிடக்கும் குவியலில் விடியற்புறம் செம்பொட்டொன்று தெரிவதை நானும் சிறுவயதிற் கண்டிருக்கிறேன். வாளித் தண்ணீரோடு நிற்கும் அவர் எந்தக் கோவையையும் படித்தவரல்லர்.

சென்ற விடுமுறையில் நான் அங்கே நின்ற சமயம், கரி வாங்கும் வியாபாரியின் லொறி வந்தது. கூட வந்த இளைஞர் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தமையால் மாமா என்னிடம் தந்தார். சுட்ட திகதி என்ற இடத்தில் மூன்று வாரத்துக்கு முந்திய திகதியொன்று ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. கீழே கையொப்பத்துக்குக் கோடு. நான் வாசித்துச் சொன்னேன்.

“இன்றைக்குக் காலையில்தானே தம்பி கிடங்கைத் திறந்தோம். கை வைத்துப் பார்,” என்றார் மாமா.

இளைஞர் கெட்டவரல்லர். எல்லோரும் வைக்கிறார்கள், வெறும் சம்பிரதாயம், கப்பல் நாள் தவறினாற் கொழும்பில் ஏசுவார்கள் என்றெல்லாம் பணிவாகவே விளக்கினார். மாமா கையொப்பமிடவில்லை. லொறி அடுத்த ஊருக்குப் போயிற்று.

“சம்பிரதாயம்” என்ற அந்தச் சொல் என்னை இன்னும் உறுத்துகிறது. 2012 யூலையில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் ‘எம்.எஸ்.சி. பிளமினியா’ கப்பலில் வெடிப்பேற்பட்டு மூவர் மாண்டனர். தானாகச் சூடேறவல்ல இரசாயனமொன்று, ஏற்றப்படுமுன் நியூ ஓர்லியன்சின் கோடை வெயிலிற் பல நாள் கிடந்திருந்தது. 2025 யூன் 7ஆம் திகதி கொழும்பிலிருந்து மும்பை நோக்கிப் புறப்பட்ட ‘வான் ஹாய் 503’ இரண்டு நாளின் பின் கேரளக் கரைக்கப்பால் தீப்பிடித்தது. 22 பேரில் நால்வரைக் காணவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ நம் கடற்கரைகளிற் கொட்டிய பிளாத்திக்கு மணிகளோ அபாயப் பட்டியலிலேயே இருக்கவில்லை. பட்டியலும் மனிதர் எழுதியதுதான். கரியைப் போலவே பிறவும் பிந்தித்தான் அதிற் சேரும்.

விதி சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் விலையை யார் கொடுப்பது என்பதிலேயே வழக்கு இருக்கிறது. பதினான்கு நாள் ஆறவிடுவதற்குக் காற்றோட்டமும் கூரையும் உள்ள கொட்டில் வேண்டும். மாமாவிடம் இருப்பது ஒரு தென்னோலைச் சார்ப்பு. முதற் சுற்று மட்டுமே தாமதமாகும், பிறகு இரு கிழமைக்கு முந்திய கரி வரிசையாக வந்துகொண்டிருக்கும் என்று பொருளியல் படிக்கும் நண்பரொருவர் கணக்குக் காட்டினார். கணக்குச் சரிதான். அந்த முதல் இரு கிழமையும் சிரட்டை விற்பவருக்கும் கூலிக்காரருக்கும் கொடுக்க வேண்டிய காசு மட்டும் நண்பரின் கணக்கில் இல்லை. ஆறிய கரிக்கும் ஆறாத கரிக்கும் வியாபாரி ஒரே விலைதான் கொடுக்கிறார். கிலோவுக்குச் சில ரூபா கூட்டிக் கொடுத்தால், அன்றேல் ஏற்றுமதியாளரே கொட்டிலமைத்துக் கரியை ஆறவிட்டால், பொய்த் திகதிக்குத் தேவையே எழாது. அதைச் செய்யாமல் தாளை மட்டும் கிடங்கடிக்கு அனுப்புவது, பொறுப்பை ஏணியின் கடைசிப் படியில் நிற்பவரிடம் இறக்கிவைப்பதாகும்.

மாமா இப்போது குவியலுக்கருகில் ஒரு பழைய தகரத்தை நட்டு, கிடங்கு திறந்த திகதியைச் சுண்ணாம்பால் எழுதி வைக்கிறார். கரியில் ஒரு பகுதியை ஊர்க் கொல்லுப்பட்டறைகளுக்கு விற்கிறார், விலை குறைவு. மிகுதி சார்ப்பின் கீழ் ஆறிக்கொண்டிருக்கிறது. ஒன்பதாம் நாளில் அந்த லொறி மறுபடியும் வந்து, தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாக அம்மா எழுதியிருக்கிறார்.