பாவும் பனியும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லத்துக்குத் தொலைபேசியில் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். கனடா நாட்டின் டொரொண்டோ நகரில் வாழும் நம் மகனின் மகள், ஏழு வயதுச் சிறுமி, கேட்பாள்: "தாத்தா, இந்தக் கிறிஸ்மஸுக்கு உங்க ஊர்ல பனி விழுமா?"

அவளுக்கு அது பெருங்கவலை. அவள் ஊரிலேயே ஆண்டுதோறும் அது உறுதியில்லை. கிறிஸ்து பிறப்பு நாள் காலை ஏழு மணிக்குத் தரையில் 2 சென்டிமீட்டர் வெண்பனியேனும் படிந்திருந்தால்தான் அந்நாட்டு வானிலைத் துறையினர் அதை வெள்ளைக் கிறிஸ்மஸ் என்று ஏற்பார்களாம். இங்கிலாந்தினர் இதில் சற்றுத் தாராளம் காட்டுகின்றனர். டிசம்பர் 25ஆம் நாளின் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒரேயொரு பனித்துகள் விழக் கண்டாலும் அவர்களுக்குப் போதும். ஒரு துகளுக்காக ஒரு நாடே வானத்தைப் பார்த்து நிற்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. இங்கே நாமும் இதே நாட்களில் வானத்தைப் பார்த்துத்தானே நிற்கிறோம்!

பனி பொழியும் கிறிஸ்மஸைப் பற்றி உலகமெங்கும் பாடப்படும் ஆங்கிலப் பாடலை அன்பர்கள் கேட்டிருக்கக்கூடும். இர்விங் பெர்லின் என்பார் இயற்றி, 1942ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் பிங் கிராஸ்பி பாடிப் புகழ்பெற்றது அது. பாடுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் தொடக்கப் பகுதி ஒன்று அதற்கு உண்டு. அப்பகுதியில் பேசுபவன் நிற்கும் இடம் பனி மூடிய ஊரன்று. வெயில் காயும், பனைவகை மரங்கள் அசையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். பனியில்லாத ஊரில் இருந்துகொண்டு பனிக்கு ஏங்கியவனின் பாட்டையே உலகம் பனியின் பாட்டாகக் கொண்டாடுகிறது. ஏக்கம் என்பது எப்போதும் இல்லாத இடத்திலிருந்துதான் பிறக்கிறது போலும்.

பெத்லகேமிலேனும் பனி பெய்ததா? கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 775 மீட்டர் உயரத்தில், யூதேயா மலைத்தொடரில் அமைந்த ஊர் அது. அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம். வெண்பனி எப்போதாவது விழுவதுண்டு. 2013 டிசம்பரில் அண்டையிலுள்ள எருசலேம் நகரம் கடும் பனிப்பொழிவால் முடங்கிப்போனதைச் செய்தித்தாள்களில் வாசித்தோம். ஆனால் தூய லூக்கா தம் நற்செய்தியில் பனியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வயல்வெளியில் இடையர் இரவெல்லாம் கிடை காத்தனர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். குடிலின் மேல் நாம் பரப்பும் வெண்பனி பெத்லகேமிலிருந்து வந்ததன்று. வாழ்த்து அட்டைகளிலிருந்து வந்தது.

நம் மொழியோ இதில் ஒரு நயமான குழப்பத்தைச் செய்து வைத்திருக்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, விடியலில் வயலை மூடும் மூட்டமும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றனர். ஆகவே கிறிஸ்து பிறப்பு விழா தமிழ் மண்ணில் எந்நாளும் பனிக்கால விழாவே. உதகையில் டிசம்பர், சனவரித் திங்களில் புல்வெளி உறைபனியால் வெளுப்பதுண்டு. பொதட்டூர்பேட்டையிலோ வெப்பம் 20 டிகிரிக்கு இறங்கினாலே தலையில் துணி சுற்றிக்கொள்வோம். எனவே பேத்திக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரே விடையைத்தான் தருகிறோம்: "விழும் கண்ணு. ஆனா உன் பனி வேற, எங்க பனி வேற."

நம் ஊர் நெசவாளர் ஊர். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, நகரி மலைகளின் பக்கத்தில் இருக்கிறது. இன்று தெருவுக்குத் தெரு விசைத்தறிகளின் ஓசை. நம் இளமையில் ஒலித்தது கைத்தறியின் தாளம். தந்தையாரை நாம் 'நைனா' என்றே அழைப்போம். எல்லையூர்களில் அதுவே வழக்கம். நைனாவுக்கு மார்கழி என்றால் ஒரே கவலைதான்: பாவு காயுமா?

அறியாத அன்பர்களுக்காகச் சற்று விளக்குவோம். நெய்யுமுன் பாவு நூலைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். கஞ்சி ஏறிய இழைதான் தறியின் இழுப்பைத் தாங்கும். சுள்ளென்ற வெயில் ஏறுமுன், விடியற்காலையிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுவர். பருத்தி இழைக்குச் சற்று ஈரம் நல்லது. காற்று மிகவும் வறண்டால் இழை அறும். ஆனால் கஞ்சி ஏறிய பாவின்மேல் மழை விழுந்தாலோ எல்லாம் கெட்டது. கஞ்சி கரையும், இழைகள் ஒட்டிக்கொள்ளும், இரண்டு நாளில் பூசணம் பூக்கும். அடைமழை நின்றுவிட்டால் குழித்தறியின் குழியிலும் நீர் ஊறும். நெசவாளர் கால் வைக்கும் இடத்தில் தவளை குடியிருக்கும். தறி நின்றால் கூலி நிற்கும்.

அந்த மழையோ நமக்கு வரும் பெருமழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓயும். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழும் போதெல்லாம் நம் மாவட்டத்துக்கு நீர் கிடைக்கிறது. சிலவேளைகளில் கண்ணீரும் கிடைக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் மழையும், 2016 டிசம்பர் 12இல் வந்த வார்தா புயலும், 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயலும் சென்னையும் சுற்றுப்புறமும் மறக்கவியலாதவை. திருவருகைக் காலத்தின் பிற்பகுதியில் பருவமழை பொதுவாகத் தளர்ந்துவிடும். எனினும் அதை நம்பியிருக்க இயலாது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டே நாள் முன்பு. தானே புயல் கடலூரைத் தாக்கியது 2011 டிசம்பர் 30இல்.

நமக்குப் பத்து வயது இருக்கும்போது விழாவுக்கு ஐந்து நாள் இருக்கையில் நைனா ஒரு பாவை விரித்தார். அந்தக் கூலியில்தான் எங்கள் ஐவருக்கும் புத்தாடை. கிழக்கே கருத்தது. தெருவே ஓடிவந்து கைகொடுத்தது. பாதிப் பாவைச் சுருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கெட்டுப்போன நூலின் விலையை முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். அன்று மாலை அம்மா அடுப்படியில் அழுதது நமக்குக் கேட்டது.

அதே மாலையில் பக்கத்துச் சிற்றூர் உழவர் ஒருவர், நைனாவின் நண்பர், நனைந்தபடியே வந்து சேர்ந்தார். ஆண்டுதோறும் எங்கள் குடிலுக்கு வைக்கோல் கொண்டு வருபவர் அவர்தாம். முகமெல்லாம் சிரிப்பு. "ஏரி நிரம்பிடுச்சு அண்ணே! சாமி கண்ணைத் தொறந்துட்டார்" என்றார். அவர் கையிலிருந்த வைக்கோல் கட்டை நைனா வாங்கிக்கொண்டார். பாவு நனைந்ததைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் போன பிறகு அம்மா கேட்டார்: "நாம வெயில் கேட்டோம், அவர் மழை கேட்டார். சாமி அவர் பேச்சைத்தானே கேட்டிருக்கார்?"

நைனா அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் விவிலியக் கதைகள் அவருக்கு மனப்பாடம். நீதித் தலைவர்கள் நூலில் வரும் கிதியோனின் கதையை அன்றிரவு எங்களுக்குச் சொன்னார். களத்தில் ஆட்டுக் கம்பளியை இட்டு, கம்பளிமேல் மட்டும் பனி இறங்கவேண்டும், சுற்றுமுள்ள நிலம் காய்ந்திருக்கவேண்டும் என்று கிதியோன் முதல் நாள் கேட்டார், அவ்வாறே ஆயிற்று. மறுநாள் அதைத் திருப்பிக் கேட்டார்: கம்பளி காய்ந்திருக்கட்டும், நிலமெல்லாம் நனையட்டும். அதுவும் ஆயிற்று. "நெசவாளி கேட்க வேண்டியது இந்த ரெண்டாவது நாள் செபத்தை" என்றார் நைனா. "பாவு காயணும், நிலம் நனையணும். ரெண்டையும் சேர்த்துக் கேட்கணும். கிடைக்காட்டியும் சேர்த்துத்தான் கேட்கணும்."

பின்பு, தறியினடியில் சேர்ந்திருந்த கழிவு நூலையும் பஞ்சையும் வாரி வந்து, வைக்கோல் வேய்ந்த குடிலின்மேல் தூவினார். "நம்ம தறியில விழுந்த பனி" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. ஆயுள் முழுவதும் அந்தப் பனியைச் சுவாசித்தவர் அவர். அந்த இருமல் கடைசிவரை அவரை விடவில்லை.

நாம் ஆசிரியப் பணிக்குச் சென்றோம். தறி தம்பியிடம் தங்கியது. வைக்கோல் கொண்டுவரும் கடமையோ அந்த உழவரின் மகனுக்கு வந்தது. அவர் நம் பள்ளித் தோழர்.

2018ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு டிசம்பர் நடுவில் பெய்ட்டி என்னும் புயல் கடலில் உருவாயிற்று. நம் பக்கம் வருமோ என்று அஞ்சினோம். அது ஆந்திரக் கரைக்குச் சென்றுவிட்டது. நமக்குக் கிடைத்தது குளிர்ந்த வறண்ட காற்று மட்டுமே. தம்பியின் பாவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அருமையாகக் காய்ந்தன. நல்ல கூலி, வீடெல்லாம் புத்தாடை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் நின்றபோது தோழரின் கையைப் பற்றி, "எத்தனை நல்ல கிறிஸ்மஸ், ஒரு தூறல்கூட இல்லை!" என்று மகிழ்ந்தோம். அவர் புன்னகை செய்தார், மறுமொழி கூறவில்லை. அந்த மௌனத்தின் பொருளை அறிய நமக்கு ஆறு திங்கள் ஆயிற்று.

அவ்வாண்டு தமிழகத்தில் பருவமழை குறைந்திருந்தது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. நம் பகுதியின் மழைநீரைச் சுமந்து கொசஸ்தலையாறு சென்று சேரும் பூண்டி நீர்த்தேக்கமும் அவற்றுள் ஒன்று. சூலைத் திங்களில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தலைநகருக்குக் குடிநீர் சென்றது. நம் வீட்டுக் கிணறும் அடி கண்டது. நம் துணைவியார் குடங்களோடு தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் காத்து நின்றார். ஒரு நாள் தோழரைக் காணச் சென்றோம். கொட்டகை வெறிச்சென்றிருந்தது, மாடுகளை விற்றுவிட்டிருந்தார். நம்மைக் கண்டதும் அவர் சினந்து பேசவில்லை. "உங்க பாவு காஞ்சுது வாத்தியாரே, எங்க ஏரியும் காஞ்சுது" என்றார். அவ்வளவே.

தந்தையார் கற்பித்த செபத்தின் ஒரு பாதியை நாம் எப்போது மறந்தோம் என்பதை அன்றுதான் கேட்டுக்கொண்டோம். கம்பளி காய்ந்திருக்கக் கண்டு மகிழ்ந்தோம். நிலம் நனைந்ததா என்று குனிந்து பார்க்கவில்லை. திருச்சபையோ திருவருகைக் காலத்தின் இறுதி ஞாயிறன்று, எசாயா இறைவாக்கினரின் சொற்களைத் தழுவி, வானங்களே மேலிருந்து பனி பொழிக, மேகங்கள் நீதிமானைப் பொழிக என்று மன்றாடுகிறது. மீட்பருக்காகக் காத்திருந்த மக்கள் தம் ஏக்கத்தைச் சொல்லத் தேடியபோது அவர்களுக்குக் கிடைத்தவை பனியும் மழையுமே. நாமோ அந்த மன்றாட்டைப் பாடிக்கொண்டே, மழை மட்டும் வரவேண்டா என்று உள்ளுக்குள் வேண்டியிருக்கிறோம்!

அவ்வாண்டு டிசம்பரில் குடில் கட்டும் நாள் வந்தது. தோழர் வருவாரா என்று நமக்கு ஐயம். வந்தார். "வைக்கோல் இல்லை" என்றார். ஈரத் துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தார். ஏரிக்கரையில் விடியற்காலை அறுத்த பச்சைப் புல். "கொஞ்சம் மழை பெஞ்சுது. கரையில பச்சை பிடிச்சிருக்கு" என்றார். பாலன் இயேசுவைக் கிடத்தும் இடத்தில் அதைப் பரப்பினார். தம்பி தறியடியிலிருந்து பஞ்சு கொண்டுவந்து கூரையில் தூவினான். புல்லின் நுனிகளில் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு பேத்தியிடம், "இந்த வருஷம் நம்ம குடிலுக்குள்ளேயே பனி வந்துடுச்சு" என்று கூறினோம். மழலை மாறாத அக்குழந்தை நம்பினாள்; நாம் பொய் சொல்லவில்லை.

பிற்பாடு மழை வேறு முகமும் காட்டிற்று. 2021 நவம்பரில் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட, கொசஸ்தலையாறு பெருகிப் பள்ளிப்பட்டு வட்டத்துத் தரைப்பாலங்களை மூழ்கடித்தது. அப்போது உழவரும் நெசவாளரும் சேர்ந்தே வெயில் கேட்டோம். எந்த ஆண்டு எதைக் கேட்பது என்பதை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை நமக்குக் கூறாது. கடலில் உருவாகும் தாழ்வுநிலை எந்தப் பக்கம் நகரக்கூடும் என்பதை அது கூறும்; அந்த மழை யாருக்கு அப்பம், யாருக்குக் கல் என்பதை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டித்தான் அறியவேண்டும்.

இப்போதெல்லாம் மார்கழி விடியலில் எழுந்ததும் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வருகிறோம். தெருவில் பாவு விரித்திருக்கிறார்களா என்று முதலில் நோக்குகிறோம். பிறகு மெல்ல நடந்து ஏரியில் நீர் எவ்வளவு என்று பார்க்கிறோம். கரைப் புல்லில் நடந்து திரும்பும்போது வேட்டியின் கரை பனியில் நனைந்திருக்கும். பாவு காயட்டும், நிலம் நனையட்டும். டொரொண்டோவில் நம் சின்னஞ்சிறு பேத்திக்கும் 2 சென்டிமீட்டர் பனி விழட்டும்.