பொல்பிட்டியவில் ஒரு காந்தக் கதை

அன்பின் மச்சான்,

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடத்துக்குக் கிட்ட இருந்து எழுதுகிறேன். லக்ஷபான நீர்த்தேக்கத்தின் நீர், பருத்த குழாய்களில் மலையிறங்கி, 1969 முதல் இங்கே பொல்பிட்டிய மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. இந்த மின்பிறப்பாக்கிகள் செப்புச் சுருளில் மின்னோட்டம் விட்டே காந்தப்புலத்தை உண்டாக்கிக்கொள்கின்றன, நிலைக்காந்தம் தேவையில்லை.

தேத்தண்ணிக் கடையில் ஒரு பொடியன் உடைந்த இயர்போனைப் பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே பொட்டளவு காந்தம், மேசையில் கிடந்த குண்டூசிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துத் தூக்கியது. இவ்வகைக் காந்தத்தில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் சேர்கிறது. பல மின்வாகனங்களும் காற்றாலைகளும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. மண்ணைக் கிளறி, அமிலம் ஊற்றிப் பிரித்தெடுப்பதில் அங்குள்ள நிலமும் நீரும் படும் பாடு கொஞ்சமல்ல.

நியோடிமியக் காந்தத்துக்கு மாற்றாகலாம் என்று விஞ்ஞானிகள் கண்வைத்திருக்கும் டெட்ராடேனைட் என்ற கனிமம் விண்கற்களில் கிடைக்கிறது. பாதி இரும்பு, பாதி நிக்கல், அவ்வளவுதான். ஆனால் அணுக்கள் கலைந்து கிடக்காமல் ஓர் அடுக்கு இரும்பு, ஓர் அடுக்கு நிக்கல் என்று அமைய வேண்டும். ஏறத்தாழ 320 பாகை செல்சியஸுக்குக் கீழேதான் அந்த ஒழுங்கு நிலைக்கும். அந்த வெப்பநிலையிலோ ஓர் அணு ஒருமுறை இடம் மாறவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். இயற்கையில், பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில பாகை என்ற கணக்கில் ஆறிய சிறுகோள்களின் வயிற்றில் மட்டும் அது கைகூடியது.

1960களில் பிரான்ஸின் கிரனோபிளில் நியூட்ரான்களைப் பாய்ச்சி இந்த ஒழுங்கை உண்டாக்கிக் காட்டினார்கள். விண்கல்லில் இருப்பதைத் தனிக் கனிமமாக ரோய் கிளார்க்கும் எட்வர்ட் ஸ்கொட்டும் 1980இல் பெயரிட்டார்கள். 2022இல் கேம்பிரிட்ஜில் லிண்ட்ஸி கிரீர் குழு, கலவையில் பொஸ்பரஸ் சேர்த்தால் சாதாரண வார்ப்பிலேயே அது உருவாகிறது என்று அறிவித்தது. பொஸ்பரஸ் விண்கல்லிலும் உண்டு! கடையில் வாங்கும் காந்தமாக அது இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முல்லைத்தீவில் 1795இல் விண்கல் விழுந்தது உனக்குத் தெரியுமா? எல் வகைக் கொண்ட்ரைட் என்ற கல் வகை அது. அந்த வகைக் கற்களில் இரும்பு-நிக்கல் துணுக்குகள் உண்டு. மெல்ல ஆறியவற்றில் அத்துணுக்குகளின் விளிம்பில் டெட்ராடேனைட் ஒட்டியிருக்கும். உன் விஞ்ஞான வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லு; பாடப்புத்தகம் அவர்கள் ஊரான முல்லைத்தீவை அவ்வளவாகச் சொல்வதில்லை.

நாளை நோர்ட்டன் பிரிட்ஜ் போகிறேன். பதிலை ஹட்டன் முகவரிக்கே போடு.

அன்புடன்,
உன் மச்சான்