11ஆம் மாடியின் அனல்



கீழ் கோத்தகிரியில் எங்கள் வீடு ஓடு வேய்ந்தது. நீலகிரியில் 7 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்புவதற்குக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் வீடு அதில் பாதி உயரம்தான் இருக்கும். அங்கே மின்விசிறி கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. அந்த வீட்டை ஒட்டிய அரை ஏக்கர் தேயிலையை விற்றுத்தான் அத்தா எங்களுக்குச் சென்னையில் 11ஆம் மாடியில் ஒரு வீடு வாங்கித் தந்தார்கள். அம்மா மவுத்தான பின்னர் அவர்களும் எங்களோடு வந்து தங்கினார்கள்.

விற்பனைத் தாளில் ‘மின்சிக்கனக் கட்டிடம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். முதல் கோடையில் அது பொய்யாகத் தோன்றவில்லை. ஏழாவது கோடையில், அதே அறை, அதே ஏசி. கட்டணம் மட்டும் ஏறக்குறைய இருமடங்கு. மின்கட்டண உயர்வைத்தான் முதலில் குறை சொன்னோம். மின் அட்டையை எடுத்து யூனிட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோதுதான், விலையோடு செலவும் ஏறியிருப்பது தெரிந்தது.

ஏசி பழுது பார்க்க வந்த தம்பி, சமையலறைக்குப் பின்னால் உள்ள டக்டைத் திறந்து காட்டினார். அடியிலிருந்து உச்சி வரை செல்லும் அந்தக் குறுகலான குழியில், ஒன்றன்மேல் ஒன்றாக எல்லா மாடிகளின் அவுட்டோர் யூனிட்டுகளும் தொங்கின. ஏசி குளிரைப் படைப்பதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவே. கீழ் வீடு தள்ளிய அனல் மேலேறி வருகிறது. அதையே மேல் வீட்டு யூனிட் உள்ளிழுக்கிறது. வெளிக்காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுக்குக் கம்ப்ரஸர் திணறும், மின்சாரம் விழுங்கும். நாங்கள் குடிவந்தபோது பாதி வீடுகள் காலி. இப்போது எங்களுக்குக் கீழே பத்து யூனிட்டுகள். போதாததற்குப் புறாவலை தூசியால் அடைத்திருந்தது. மழை இறங்கக் கூடாதென்று உச்சியில் யாரோ தகரம் போட்டு மூடியிருந்தார்கள்.

கட்டிடத்தில் ஒரு சுவரும் மாறவில்லை. ஆயினும் முதலாண்டுக் கட்டிடம் அதுவல்ல.

குடியிருப்புகளுக்கென 2018இல் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ விதித்தொகுப்பு, சுவர், ஜன்னல் வழியே உட்புகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டலாகாது என்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது வரைபடத்துக்கு வைக்கும் தேர்வு. பத்தாண்டு கழித்து வந்து பார்ப்பதில்லை. 1931இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்திலோ, 2009இல் தொடங்கிய சீரமைப்பில் 6,514 ஜன்னல்களையும் கழற்றி, அதே கட்டிடத்துக்குள் அமைத்த பட்டறையில் செப்பனிட்டு மீண்டும் மாட்டினார்கள். எரிசக்திச் செலவில் 38 விழுக்காடு குறைப்பதே திட்டம். எண்பது வயதை நெருங்கிய கட்டிடத்துக்கு அந்தக் கவனிப்பு கிடைத்தது. எங்களுடையதற்கு ஏழு வயதிலேயே தகரம் போட்டு மூச்சை அடைத்துவிட்டோம்.

மே மாதத்தில் ஒருநாள் அஸருக்குச் சற்று முன் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும்தான். மேற்குக் கண்ணாடி வழியே வெயில் கூடம் முழுவதும் நிறைந்தது. ஒளூ செய்து திரும்பிய அத்தா, சுவரைப் பிடித்தபடி அப்படியே அமர்ந்துவிட்டார்கள். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்து, ஈரத்துண்டு போர்த்தி, மெல்ல லிஃப்டில் இறக்கி, கீழே வேப்பமர நிழலில் படுக்க வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், தேறினார்கள்.

அன்றிரவு அத்தா கேட்டது ஒன்றே: “நம்ம ஏசி விடுற அனல் யார் வீட்டுக்குப் போகுது?” 12ஆம் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி எத்தனை ஜும்ஆ பயான் கேட்டிருக்கிறோம்! அண்டை வீடு என்றால் பக்கத்து வாசல் என்றே எண்ணியிருந்தோம். தலைக்கு மேலும் ஒன்று உண்டென்று தோன்றவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் தகரமும் வலையும் எளிதில் தீர்ந்தன. மோட்டாரையும் பேசினோம். 1,000 லிட்டர் நீரை 35 மீட்டர் ஏற்றக் கணக்குப்படி யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். தேய்ந்த மோட்டார் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டத்தான் எதிர்ப்பு: முகப்பின் அழகு கெடுமாம். உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியிலேயே தடுக்க வேண்டும் என்பதை, ஊர் வீட்டின் நீண்ட தாழ்வாரத்தைச் சொல்லி அத்தாவே விளக்கினார்கள். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு, எல்லாரும் ஒரே நிறத் தட்டி போடுவதென்று முடிவானது.

அடுத்த கோடையில் யூனிட்டுகள் குறைந்தன. முதலாண்டின் அளவுக்கு இறங்கவில்லை. தேயிலை எடைச் சீட்டுகளை அடுக்கிவைத்துப் பழகிய அத்தா, இப்போது மாதாமாதம் மீட்டர் எண்ணைத் தொழுகை நேர அட்டையின் பின்புறம் குறித்து வருகிறார்கள். 12ஆம் மாடியின் எண்ணையும் கேட்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.