திருத்தி வராத தாள்

“ரெகுலரா, கரஸ்ஸா?” பட்டம் வாங்கியவரிடம் நம் ஊரில் என்ன படித்தீர்கள் என்று கேட்ட கையோடு கேட்கப்படும் கேள்வி இது. கரஸ் என்று பதில் வந்ததும் கேட்டவரின் ஆர்வம் சற்றுத் தளரும். “ஓ, தபால்லயா” என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். கல்லூரி வாசலை மிதிக்காமல் படித்தது படிப்பே இல்லை என்ற தீர்ப்பு அந்த ‘ஓ’வுக்குள் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அநியாயமானது என்பதே என் கட்சி. தொலைநிலைக் கல்வியில் குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. குறை உண்டு, அது பெரிய குறையும்தான். ஆனால் மாணவர் தூரத்தில் இருப்பதை அந்தக் குறையாகக் காட்டுவதை ஏற்க முடியாது. அவர் எழுதி அனுப்பியதற்கு யாரும் பதில் சொல்வதில்லை என்பதுதான் குறை.

இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் மதுரையிலும் அது வந்தது. பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். மத்திய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி பயில்வோர் சுமார் 4.33 கோடிப் பேர். அவர்களில் ஏறத்தாழ 45.7 லட்சம் பேர் தொலைநிலையில் படிப்பவர்கள், அதிலும் 20.9 லட்சம் பேர் பெண்கள். பத்தில் ஒருவருக்கு மேல் இப்படிப் படிக்கும் நாட்டில் இதை ஏதோ கொல்லைப்புற வழி என்று ஒதுக்கிவிட முடியாது. டிப்ளமோவோடு வேலைக்குப் போய்விட்டவர், பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டிய இளநிலை உதவியாளர், கல்யாணத்தோடு படிப்பு நின்று, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி புத்தகத்தைத் திறந்த பெண் என்று இந்தக் கூட்டம் மிகப் பெரியது. நல்ல கல்லூரியை விட்டுவிட்டு இவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இது இல்லாவிட்டால் இவர்களுக்குப் பட்டமே இல்லை.

“நாலு நாள் கைடு படித்து எழுதிவிடலாம், இதெல்லாம் ஒரு படிப்பா?” என்பது வழக்கமாக எழும் ஆட்சேபம். கைடு படித்துத் தேறுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கல்லூரியின் ரெகுலர் மாணவர் செமஸ்டருக்கு முந்தின வாரம் கையில் வைத்திருப்பது எந்தப் புத்தகம்? வினாத்தாள் மனப்பாடத்தைக் கேட்டால் இருவருமே மனப்பாடம்தான் செய்வார்கள். அது தேர்வின் நோய். அதைத் தூரத்தின் தலையில் கட்டக் கூடாது. உண்மையாகப் படிக்கிறவரின் கணக்கு வேறு. ஒரு கிரெடிட்டுக்கு முப்பது மணி நேரப் படிப்பு என்பது திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் அளவு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம். பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு மாவு கரைத்து வைத்து, வீடு அடங்கிய பின் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால்கூட, ஒரே ஒரு தாளுக்கு நான்கு மாதம் ஆகிறது. மணியடித்து உட்கார வைக்கும் வகுப்பில் பாதி நேரம் கனவிலேயே கழிந்தாலும் வருகைப்பதிவு கிடைத்துவிடும். இங்கே படிக்காமல் போன மணி நேரம் படிக்காமல் போனதுதான்.

வகுப்பு என்பது ஆசிரியர் பேசுவதும் மாணவர் கேட்பதும் மட்டுமில்லையே, கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும் இடமல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. தொலைநிலைப் பாடநூலைத் திறந்தால் சில பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு கட்டம் வரும். உங்கள் முன்னேற்றத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று இரண்டு கேள்விகள், கீழே விடை எழுத நாலைந்து புள்ளிக்கோடுகள். ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பவை அந்தக் கோடுகள். அவற்றில் எழுதியதைச் சரிபார்க்க ஆள் கிடையாது. அலகின் கடைசியில் அச்சிட்ட குறிப்பு விடைதான் உண்டு. எழுதியதை ஒரு மனிதர் படிக்க வேண்டிய இடம் அசைன்மெண்ட். மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு வரை அதற்கு உண்டு. பதிவு எண் எழுதி, முகப்புத்தாள் ஒட்டி, பக்கம் பக்கமாகக் கையால் எழுதி, கடைசித் தேதிக்குள் கல்வி மையத்தில் சேர்த்துவிட்டு வருகிறார் மாணவர். பல சமயம் திரும்பி வருவது மதிப்பெண் மட்டும். தாளே வந்தாலும் ஓரத்தில் ஒரு டிக் குறியும் கையெழுத்தும் இருக்கும். தான் எழுதியதில் எது சரி, எங்கே வழுக்கினோம் என்பது கடைசிவரை தெரியாது. ஜெராக்ஸ் கடையில் அசைன்மெண்ட் விடைகள் ரெடிமேடாக விற்பதைக் குறைசொல்கிறோம். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பின் எத்தனை பேருக்குச் சொந்தமாக எழுத மனம் வரும்?

இதை வேறு மாதிரி நடத்த முடியும் என்பதற்குச் சான்று உண்டு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது நுழைவுத் தகுதி எதையும் கேட்கவில்லை. பாடத்தை பிபிசி வானொலியும் தொலைக்காட்சியும் கொண்டுபோய்ச் சேர்த்தன. பலருடைய நினைவில் நிற்பது அந்த ஒளிபரப்புதான். என் பார்வையில் அதைவிடப் பெரிய ஏற்பாடு, மாணவருக்கென்று ஒரு பயிற்றாசிரியரை வைத்து, அவர் எழுதி அனுப்பியதைத் திருத்திக் கருத்து எழுதித் திருப்பி அனுப்ப வைத்தது. தூரம் அங்கேயும் தூரம்தான்.

எல்லாவற்றையும் தபாலில் படித்துவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உரிய அனுமதியில்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017-இல் ஏற்க மறுத்தது. ஆய்வகத்தில் கையால் செய்து பழகாதவரிடம் பாலத்தை ஒப்படைக்க முடியாது. மருத்துவமும் செவிலியர் படிப்பும் அப்படியே. தமிழ் இலக்கியம், வரலாறு, வணிகவியல், பொது நிர்வாகம் ஆகியவற்றின் கதை வேறு. படிப்பதும் எழுதுவதும் எழுதியதைத் திருத்திக்கொள்வதும்தான் அங்கே ஆய்வகம். அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் மறுபடியும் அறிவித்தது. சட்டத்தில் சமம் வந்துவிட்டது. நேர்முகத் தேர்வு மேசையில் அது இன்னும் முழுதாக வரவில்லை.

ஆயிரக்கணக்கான தாள்களுக்கு யார் கருத்து எழுதுவது, பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் பல பல்கலைக்கழகங்களுக்குத் தொலைநிலைக் கல்விக் கட்டணம் முக்கியமான வருமானமாக இருந்து வந்திருக்கிறது. தன் சம்பளத்திலிருந்து அந்தப் பணத்தைக் கட்டியவருக்கே அதில் ஒரு பங்கைத் திருப்பிச் செலவிடச் சொல்வது பேராசையாகாது. ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள். வேலையில்லாமல் முதுகலை முடித்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முறையான பயிற்சியும் மதிப்பான ஊதியமும் கொடுத்தால் ஒருவர் ஐம்பது மாணவர்களின் தாளைக் கவனமாகப் பார்க்க முடியும். அதற்காக ஓரம் முழுக்கச் சிவப்பு மையால் நிரப்ப வேண்டியதில்லை. “இரண்டாம் பக்கத்தில் நீங்கள் சொன்ன காரணம் சரி. ஆனால் அதற்குச் சான்று காட்டவில்லை. அந்த அலகை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த ஒரு பத்தியை மட்டும் திரும்ப எழுதி அனுப்புங்கள்.” ராத்திரி பத்து மணிக்கு நோட்டைத் திறக்கிற அந்தப் பெண்ணுக்கு இப்படி மூன்று வரி வந்தால் போதும், அந்தப் பத்தியை அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிடுவார்.