ஒரு மூக்கு, இரண்டு நிறம்

சங்கரநாராயணரை வரைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வலப்பாதி சிவன்: சடை, பிறை, மழு, புலித்தோல். இடப்பாதி திருமால்: கிரீடம், சங்கு, பீதாம்பரம். நகையையும் உடையையும் பிரித்து வரைந்துவிடலாம். மூக்கு ஒன்றுதானே? சிவப்பும் நீலமும் சந்திக்கும் இடம் அந்த மூக்குத்தண்டு. அங்கே அழுத்திக் கோடு போட்டால் முகம் இரண்டாகிவிடும். வண்ணத்தைக் குழைத்தால் அரியும் தெரியாது, அரனும் தெரியாது.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், வீட்டு முன்னறையைப் பட்டறையாக்கிக்கொண்ட ஓர் இளம்பெண் இந்த மூக்கோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சொந்தமாகப் படம் வரைந்து, துணிப்பையிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சடித்து விற்பது அவர் தொழில். பெயர் வேண்டாம் என்றதால் ஓவியர் என்றே எழுதுகிறேன். ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் மஞ்சப்பை தயாராக வேண்டும். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கிய பிறகு, கூச்சப்படாமல் பை கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்றார்.

அச்சடித்துக் கொடுப்பவர் பல வருடம் கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை. அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு. கறுப்பில் வரைந்த பிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து கண் திறக்கும். அதன் வழியாக ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் துணியில் படம் விழும். நிறத்துக்கு ஒரு சட்டம். சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. இரண்டாவது சட்டம் ஒரு நூலளவு நகர்ந்தாலும் சாமி முகம் கோணிவிடும்.

“தங்கச்சி, நடுவுல ஒரு இழை விட்டுரும்மா. ரெண்டு கலரும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறுச்சுன்னா மூக்கு கறுத்துப் போயிரும்” என்றார் அவர்.

ஓவியர் பேசாமல் பிலிமை வாங்கிக்கொண்டு போய் நடுவே மயிரிழை அளவு சுரண்டி எடுத்துவிட்டு வந்தார். அடுத்த பையில் சிவப்பு ஒருபுறம் நின்றது, நீலம் மறுபுறம் நின்றது. இடையில் மை படாத மஞ்சள் துணியே மூக்குத்தண்டாக எழுந்து நின்றது. கோடும் இல்லை, குழைவும் இல்லை. நான் பார்த்த சங்கரநாராயணர் படங்களில் இவ்வளவு சுத்தமான தீர்வு வேறில்லை. அது தாளில் யோசித்து வந்ததல்ல, அச்சுக்காரர் கைப்பழக்கத்திலிருந்து வந்தது.

இந்த ஊரில் அந்த உருவத்துக்கு ஒரு வழக்கே இருக்கிறது. சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதாட, இருவரும் ஒன்றே என்று காட்டும்படி கோமதி அம்பாள் ஒற்றைக்காலில் தவமிருந்தாள் என்பது தலபுராணம். தபசன்று விவசாயிகள் பருத்தியையும் வத்தலையும் அம்பாள் முன் சூறைவிடுவார்கள். ஓவியரின் நோட்டில் தெய்வங்களைவிட அந்தக் கைகள்தான் அதிகம்: பருத்தி எறியும் கை, மடி ஏந்திப் பிடிக்கும் கை. இவர் பலம் அதில்தான் என்று எனக்குப் படுகிறது.

சன்னதித் தெருவில் படத்துக்குக் கண்ணாடி போடும் அண்ணாச்சியிடம் என்னை அழைத்துப்போனார். அண்ணாச்சி ஓரம் பழுப்பேறிய ஒரு பழைய சாமி படத்தை எடுத்து, கீழ் மூலையில் விரல் வைத்தார். கொண்டையராஜு, சுப்பையா என்று குருவும் சீடரும் சேர்ந்து போட்ட பெயர்.

“இது கோவில்பட்டி முகம், தம்பி. அவுக போட்ட கண்ணு எந்தப் பக்கம் நின்னாலும் நம்மளையே பாக்கும்.”

சி. கொண்டையராஜு 1898இல் சென்னையில் பிறந்தவர். அங்கே ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். 1976இல் மறையும்வரை அதுவே அவர் ஊர். தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரோடு இருந்து வரைந்தார்கள்.

அவரைப் பக்தி ஓவியர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. வரைந்ததை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்க ஒரு வழி அவர்களுக்கு அமைந்திருந்தது. 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்ற பி. அய்யநாடாரும் ஏ. சண்முகநாடாரும் மறு வருடம் சிவகாசியில் ஆலை தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். வந்த அச்சகம் காலண்டரும் அடித்தது. புது வருடத்துக்கு வாடிக்கையாளருக்குச் சாமி படம் போட்ட காலண்டர் கொடுப்பது கடைக்காரர்களின் வழக்கமானது. ஆணியில் தொங்கிய காலண்டர் வருடம் முடிந்ததும் அண்ணாச்சி போன்றவர்களிடம் வந்து, கண்ணாடிக்குள் போய்ப் பூஜை அறையில் ஏறியது. ரவிவர்மா 1894இல் பம்பாயில் சொந்த அச்சகம் வைத்து முதல் போட்டுச் செய்ததை, கோவில்பட்டிக்காரர்கள் அச்சகம் சொந்தமில்லாமலே சாதித்தார்கள்.

இன்று பாரம்பரியத்தை வைத்துத் தொழில் செய்ய வரும் பிள்ளைகளிடம் நாம் கைத்திறனை மட்டும்தான் விசாரிக்கிறோம். அச்சுக்காரர் யார், வாங்கிக் கொடுக்கும் கடை எது, படம் எந்தச் சுவரில் போய் மாட்டப்படும் என்று யாரும் கேட்பதில்லை. ஓவியர் இந்த மூன்றையும் ஊருக்குள்ளேயே தேடிப் பிடித்திருக்கிறார். பை தைக்கும் பெண்கள் அடுத்த தெருவில் இருக்கிறார்கள். பழைய உருவங்களைப் படிக்க, கோவில்பட்டி சாலையில் பாதி வழியிலேயே கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் மலையை மேலிருந்து குடைந்து, அடித்தளம் முடியாமல் விட்ட வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. அதன் விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை ஓவியர் வாழ்த்து அட்டையாக்கியிருக்கிறார்.

அவருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை வரையச் சொன்னவருக்கே போகும். ஆனால், இது என் படம் என்று சொல்லும் உரிமை, விற்ற பிறகும் வரைந்தவருக்கு உண்டு. இதைச் சொன்னதும் பில் புத்தகத்தை எடுத்து, ‘இந்த ஓவியம் ஒரு வருடக் காலண்டருக்கு மட்டும். வரைந்தவர் பெயர் இடம்பெறும். மற்ற உரிமைகள் வரைந்தவருக்கே’ என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் புத்தகத்தையும் காலண்டருக்கு வரைந்த தபசுப் படத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு மளிகைக்கடைக்குப் போனோம். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். கடைக்காரர்கள் அதில் படம் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். “ஆல்பத்துல இருக்கிறதே போதுமே தாயி” என்றார் கடைக்காரர்.

“அதுல நம்ம ஊர் தபசு இருக்கா அண்ணாச்சி? பருத்தி எறியுற சனம் இருக்கா?”

அவர் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். விலைக்குச் சம்மதித்தார், ஒரு வருடக் கணக்குக்கும் சம்மதித்தார். பெயர் என்றதும் தயங்கினார். “கடைப் பேருக்குக் கீழே உன் பேரா?”

“கீழே வேண்டாம் அண்ணாச்சி. படத்துக்குள்ள, மூலையில. சின்னதா.”

மகனிடம் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார்.