தெளிப்பான் சல்லடையும் கார் ஃபில்டரும்

சம்பா அறுவடையின்போது திருக்கழுக்குன்றம் பக்கம் வயலாய்வுக்குப் போய்வந்தால், காரின் ஏர் ஃபில்டரில் வைக்கோல் தூசு அப்பிக்கொள்ளும். தெளிப்பான் சல்லடையைக் கழுவிப் பழகிய கை. ஒருமுறை காகித ஃபில்டரையும் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மாட்டிவிட்டேன். மறுநாள் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகையில் வண்டி இழுக்காமல் திணறி நின்றது. ஆட்டோ பிடித்துத்தான் போய்ச் சேர்ந்தோம்.

காகித ஃபில்டரில் தண்ணீர் படக் கூடாது. லேசாகத் தட்டி, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடியுங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். தூசு சிலிண்டரைத் தேய்த்துவிடும். டிராக்டரில் ஆயில் பாத் வகையென்றால் கிண்ணத்தைச் சுத்தம்செய்து, புது ஆயில் ஊற்றுங்கள். மாமல்லபுரம் கடலோரம் ஓடும் வண்டியின் அடிப்பாகம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அதை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீர் அங்கேதான் வேண்டும்.