புது வீட்டின் பின்பக்கம்

மடுல்சீமையில் பெய்யும் மழை எங்கே போகிறது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் கற்பிக்க வேண்டியதில்லை. லயத்துக் கூரையில் விழும் நீர் வாசற்கானில் இறங்குகிறது. அங்கிருந்து தேயிலை மலையின் கானுக்கும், அதிலிருந்து ஓடைக்கும் போகிறது. ஒரு பக்கத்து ஓடைகள் லொக்கல் ஓயாவில் கலந்து மகாவலியைச் சேர்கின்றன. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் கல் ஓயாவோ சேனாநாயக்க சமுத்திரத்தை நிரப்பி, அம்பாறை வயல்களுக்குப் பாய்கிறது. மேலே ஒருவர் கானில் எறிந்தது கீழே இன்னொருவரின் குடத்தில் வந்து சேரும் என்பது மலைநாட்டின் முதற்பாடம்.

இந்தப் பாடத்தை நன்கறிந்திருந்தும் ஒருமுறை நான் மறந்துபோனேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதித் தோட்டமொன்றில் புதிய வீடுகளின் திறப்பு விழா நடைபெற்றது. பத்திரிகைக்காகச் சென்றிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள், தமக்கென ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் பெறும் நாள் அது. எவருக்குத்தான் மனம் நெகிழாது? நாடா வெட்டப்பட்டது, பால் பொங்கியது, பிரமுகர்கள் பேசினார்கள். அவர்களது பேச்சையும் ஒரு தாயின் கண்ணீரையும் சேர்த்து அரைப்பக்கம் எழுதினேன். படமும் நன்றாக வந்திருந்தது.

ஐந்தாறு மாதங்கள் கழித்து உறவினர் ஒருவரின் கருமாதிக்காக அதே தோட்டத்திற்குப் போனபோது, முறைக்குப் பெரியம்மாவான ஒருவர் என் கையைப் பிடித்து வீட்டின் பின்பக்கம் அழைத்துச் சென்றார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை அது.

“பேப்பர்ல வீட்டப் பத்தி நல்லா எழுதியிருந்தியாமே தம்பி. இந்தக் கானப் பத்தி ஒண்ணும் எழுதலியா?”

கானைப் பார்த்தேன். வெற்றுச் சீமெந்துப் பைகள் மண்ணோடு மண்ணாகி அடைத்துக் கிடந்தன. கலவை இயந்திரத்தைக் கழுவி ஊற்றிய இடத்தில் கொங்கிரீட் பாறைபோல் இறுகியிருந்தது. மட்டப்படுத்துவதற்காக வெட்டிய மண்ணை அப்படியே சரிவில் தள்ளிவிட்டிருந்தார்கள். அதன் கீழே தேயிலைச் செடிகளின் நுனிகள் மட்டும் தெரிந்தன. உடைந்த கூரைத்தகடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன, அதன்மேல் பிள்ளைகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலை நடந்த மாதங்களில் கீழ் லயத்துப் பீலியில் தண்ணீர் வெள்ளையாக வந்ததாகவும், அதில் குளித்த பிள்ளைகளுக்குத் தோல் வெடித்ததாகவும் பெரியம்மா சொன்னார். விழா நாளில் இவையெல்லாம் அங்கேதான் இருந்தன. நான் நின்ற இடத்திலிருந்து இருபதடி தூரம். நான் பின்பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

கட்டுமானக் கழிவு என்றால் பலருக்குக் கல்லும் மண்ணும்தானே என்ற எண்ணம். சமதரையில் அது கண்ணை உறுத்துவதோடு நின்றுவிடலாம், மலையில் அப்படியல்ல. சீமெந்து கழுவிய நீர் கடும் காரத்தன்மை கொண்டது. தோலைப் புண்ணாக்கும், ஓடையில் கலந்தால் மீன்களைக் கொல்லும். சரிவில் தளர்வாகக் கொட்டிய மண் முதல் மழையிலேயே கானை நிரப்பும். கான் அடைபட்டால் வழிந்தோட வேண்டிய நீர் நிலத்துக்குள் இறங்கும். நீர் ஊறிய சரிவு என்ன செய்யும் என்பதை ஊவா மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை எழுதியவர்களில் நானும் ஒருவன். அந்தச் சரிவுக்குக் கட்டுமானக் கழிவு காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால் நிலம் அவ்வளவு எளிதில் இளகக்கூடிய ஒரு மாவட்டத்தில், அடைபட்ட ஒவ்வொரு கானும் ஆபத்தை ஒரு படி அருகே அழைக்கிறது என்றே சொல்கிறேன்.

அந்த உடைந்த கூரைத்தகடுகளுக்கும் ஒரு கதை உண்டு. நம் நாட்டு வீடுகள் பலவற்றின் கூரை அஸ்பெஸ்டஸ். அதன் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்க வல்லவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. முழுத்தகடு கூரையில் இருக்கும்போது ஆபத்து குறைவு. உடைக்கும்போதும் வெட்டும்போதும் நொறுங்கும்போதும் பறக்கும் நார்த்தூசியே நுரையீரலுக்கு எமன். 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பாக, 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்யும் முதன்மை நாடும் ரஷ்யாதான். இலங்கை தன் கட்டுப்பாட்டைக் கைவிட்டது. தேயிலைத் தடையும் அம்மாத இறுதியில் நீங்கியது. தோட்டத் தொழிலாளி பறித்த கொழுந்தைக் காப்பாற்றுவதற்காக, அவள் தலைக்கு மேலுள்ள கூரையில் அஸ்பெஸ்டஸ் தொடர்ந்தது. இதை எழுதும்போது, அந்தக் குவியலில் ஏறி விளையாடிய பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

சரி, கழிவை அள்ள வேண்டியவர் யார்? பெரியம்மாவின் கேள்வியோடு நான் சிலரிடம் போனேன். ஒப்பந்தக்காரர் வீட்டைக் கட்டி ஒப்படைத்ததோடு தன் வேலை முடிந்தது என்றார். தோட்ட நிர்வாகம், வீடுகள் இப்போது குடியிருப்பாளருடையவை என்றது. உள்ளூராட்சி அலுவலகத்தில், “அது தோட்டத்துக் காணி” என்றார்கள். இந்தக் கடைசிப் பதிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபையின் நிதி செலவிடப்படுவதற்குத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்களது வாசலுக்கு வர முடியாதிருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும், சட்டம் மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. மூவருக்கும் சொந்தமில்லாத கழிவு, இறுதியில் மழைக்குச் சொந்தமாகிறது.

அகற்றாமல் விடுவதன் விலையை எங்கள் வழியிலேயே கண்டோம். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை – லுணுகலை வீதியில், பதின்மூன்றாம் கட்டைக்கருகே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. சரிந்து விழுந்து அகற்றப்படாமல் கிடந்த பாறையொன்று, அந்த இடத்தில் வீதியைக் குறுக்கியிருந்தது. எதிரே வந்த டிப்பருக்கு இடம்விட்டபோது பஸ்ஸுக்கு நிலம் போதவில்லை. “நாளைக்கு அள்ளலாம்” என்ற சொல் மலைநாட்டில் எத்துணை பாரதூரமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முடியாத காரியத்தைக் கேட்கிறேனா? சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள் இதை வாசிக்கக்கூடும். அங்கே வேலைத்தளத்திலிருந்து வெளியேறும் லொறியின் சக்கரங்களைக் கழுவித்தான் வீதிக்கு அனுப்புகிறார்கள். தளத்திலிருந்து வடிகாலுக்கு விடும் நீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வண்டல் இருக்கலாகாது. இந்தியாவும் 2016இல் கட்டுமான, இடிபாட்டுக் கழிவுகளுக்கெனத் தனி விதிகளை வகுத்து, கழிவை உண்டாக்குபவரே அதற்குப் பொறுப்பு என்று நிறுவியது. டில்லி புராரியில் 2009 முதல் இடிபாடுகளை அரைத்து மீண்டும் கட்டடப் பொருளாக்குகிறார்கள்.

எங்கள் மலைக்கு இயந்திரசாலை வேண்டாம். வெட்டிய மேல்மண்ணைத் தனியாகக் குவித்துப் படங்கால் மூடி, பின்னர் அதே வீட்டின் தோட்டத்திற்கு இடலாம். சரிவின் அடியில் வண்டல் படிய ஒரு குழி வெட்டலாம். கலவை இயந்திரத்தைக் கழுவ ஓடைக்கெட்டாத ஒரு மூலையில் இன்னொரு குழி போதும். சீமெந்துப் பைகளை எண்ணி வாங்குபவர்கள் எண்ணித் திருப்பி அனுப்பலாம். செங்கல் துண்டுகளை நடைபாதைக்கு நிரப்பலாம். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைக்காமல், நனைத்துக் கழற்றி, சுற்றிக் கட்டி அகற்ற வேண்டும். இவற்றையெல்லாம் ஒப்பந்தத்தில் ஒரு தனி வரியாக எழுதி அதற்குரிய பணத்தையும் குறிக்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்வையிட்டுக் குடியிருப்பாளர் ஒப்பமிடும்வரை கடைசிக் கொடுப்பனவை நிறுத்தி வைக்க வேண்டும். பணம் நின்றால் கான் தானாகத் துப்புரவாகும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டியாக வேண்டும். விரைவாகவும் கட்டியாக வேண்டும். மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டடம் எழுப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறவேண்டும் என்ற நடைமுறை 2011 முதல் இருக்கிறது. நிலம் பொருத்தமானதா என்று கட்டுமுன் பார்ப்பதுபோல, கட்டி முடித்தபின் அந்த நிலத்தை எப்படி விட்டுச் சென்றார்கள் என்பதையும் எவரேனும் பார்க்க வேண்டாமா?

பெரியம்மா இப்போது இல்லை. அந்தக் கானை, இறுதியில் அந்த வரிசை வீட்டு இளைஞர்களே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அலவாங்கால் உடைத்துத் திறந்தார்கள். அவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று செய்தி எழுதவில்லை. திறப்பு விழாவை வாழ்த்தி எழுதிய கை பின்வாங்கியது. காலந்தாழ்ந்தேனும் இப்போது எழுதிவிட்டேன். இனி வீடு திறக்கப் போகும் இளம் செய்தியாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: நாடா வெட்டுவதற்கு முன் ஒருதரம் வீட்டின் பின்பக்கம் போய்க் கானைப் பார்த்துவிட்டு வாருங்கள்.